தலைவியின் தயிரும் மழவரின் மாடும்

"நல்ல மாட்டுக்கறி எங்க தோழர் கெடைக்கும்? ரெண்டு பேரு உக்காந்து நிம்மதியாச் சாப்பிடணும்."

பாளையங்கோட்டையில் ஒரு இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றபோது நான் இப்படிக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உணவு அரசியலைப் பற்றி இரண்டு மணிநேரம் ஆவேசமாகப் பேசிவிட்டு வந்தவர்கள்தாம். ஒருவர், "மேலப்பாளையத்துல பார்சல் வாங்கிக்கிடுங்க" என்றார். இன்னொருவர், "செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போயிருங்க, அங்கேருந்து புனலூர் வரைக்கும் கெடைக்கும்" என்றார். மூன்றாவது ஆள், "கல்யாண நாளுக்குப் போயி மாட்டுக்கறியா? நல்ல ஓட்டலாப் பாத்துப் போங்களேன்" என்றார். அவரும் தலித்துதான். எழுதுகிறவர்தான். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லும் பதில்.

அவர் பேச்சைக் கேட்டு நல்ல ஓட்டலுக்கும் போய்ப் பார்த்தோம். குளிர்சாதன அறை, மேசைக்கு மேசை சின்ன விளக்கு, பறப்பது நடப்பது நீந்துவது எல்லாம் உண்டு என்று நாலு பக்கத்துக்குப் பட்டியல். "மாட்டுக்கறி இருக்கா தம்பி?" என்று கேட்டேன். பரிமாறுகிற பையன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அதெல்லாம் இங்க கெடையாதுக்கா. ஃபேமிலி வாற எடம்லா."

அப்போ நாங்க யாரு? தாலி கட்டாமல் பதிவுத் திருமணம் செய்தவர்கள்தாம் என்றாலும், நாங்களும் ஃபேமிலிதானே! அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வாயில் வந்த சொல் அவனுடையது இல்லை. ஆடும் கோழியும் குடும்பத்தோடு சேர்ந்தவை, மாடு குடும்பத்துக்கு வெளியே என்கிற இந்தப் பாகுபாட்டை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எம்.ஏ. தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் பாடப்புத்தகமும் இதில் கூட்டோ?

காதலும் சாப்பாடும் என்று சொன்னால் தமிழ் வாத்தியார்கள் அத்தனை பேருக்கும் நினைவுக்கு வருவது குறுந்தொகை 167. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் பெண் கையால் தயிரைப் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்தின சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பைத் தானே செய்து வைக்கிறாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லி அவன் சாப்பிடுகிறான். அவள் முகம் வெளியே தெரியாத அளவுக்கு மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் நற்றாயிடம் சொல்வதாகத் துறை. அழகான பாட்டு. அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இரண்டாயிரம் வருஷமாக இதுவே 'இல்லற இன்பம்' என்பதன் ஒரே படமாக மாட்டப்பட்டிருக்கிறது. பால்படு பொருள், புகையில் வேகும் பெண், ருசி சொல்லும் ஆண். அவள் சாப்பிட்டாளா என்று செவிலி சொல்லவில்லை. எந்த உரையாசிரியரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, அகப்பாட்டில் மாட்டுக்கறியே கிடையாதா? உண்டு. அகநானூறு 129ஐப் பாருங்கள், 309ஐப் பாருங்கள். இரண்டிலும் கொழுத்த பசுவைத் தின்கிற மழவர் வருகிறார்கள். 309இல் வேப்பமரத்துத் தெய்வத்துக்கு மாட்டை வெட்டி, ரத்தம் தெளித்து, கறியை அவித்துப் பாறைமேல் உட்கார்ந்து தின்கிறார்கள். எங்கள் ஊர்க் கொடையை நேரில் பார்த்து எழுதியது போல இருக்கும். ஆனால் இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பாலைத் திணையில். தலைவன் கடந்துபோக வேண்டிய கொடிய வழியில். ஆறலைக் கள்வர்களாக. அவர்களை நினைத்துத்தான் வீட்டிலிருக்கும் தலைவி நடுங்குகிறாள்.

இந்த இட ஒதுக்கீட்டைக் கவனிக்க வேண்டும். தயிர் வீட்டுக்குள், மாடு காட்டு வழியில். தயிர் தின்கிறவர்கள் காதலிப்பார்கள். மாடு தின்கிறவர்கள் காதலுக்கு இடைஞ்சலாக நிற்பார்கள். மழவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள்தானே? அந்தப் பாறைமேல் வெந்த கறியில் நல்ல துண்டாகப் பார்த்து அவளுக்கு எடுத்து வைத்திருப்பான்தானே? அதைப் பாட்டாக்க ஒரு துறை வகுக்கப்படவில்லை. 'இறைச்சி' என்ற சொல் மட்டும் தமிழ் இலக்கணத்தில் உள்ளுறைக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. சட்டிக்குள் இருக்கிற இறைச்சி வேறு.

பக்தி காலத்தில் இது இன்னும் தெளிவாகிறது. மாட்டை உரித்துத் தின்கிற புலையரானாலும் சிவனுக்கு அன்பர் என்றால் அவரைக் கும்பிடுவேன் என்கிற பொருளில் அப்பர் பாடியிருக்கிறார். மேடைக்கு மேடை இதைச் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த 'ஆனாலும்' என்பதைப் பாருங்கள். இதற்கும் கீழே போக முடியாது என்கிற அடிமட்டத்துக்கு அடையாளமாகத்தான் எங்கள் சாப்பாடு அங்கே வருகிறது. கும்பிடுகிறேன் என்று சொல்லும்போதே எங்கே நிற்கிறாய் என்பதையும் சொல்லிவிடுகிற பாட்டு அது.

இப்போது நகரத்துக்கு வருவோம். இதே மாட்டுக்கறி சென்னையில் நட்சத்திர ஓட்டலில் 'ஸ்டேக்' என்ற பேரில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேசைக்கு வருகிறது. மாட்டுக்கறி என்றால் முகம் சுளிக்கிறவர்கள் ஸ்டேக் என்றால் எப்படி வேக வைக்க வேண்டும் என்று விளக்கம் சொல்கிறார்கள். இங்கிலீஷில் சொன்னால் தீட்டுக் கழிந்துவிடுகிறது! வெள்ளைத் துரை தின்றபோது அது நாகரிகம். துரைக்குச் சமைத்துப் போட்ட எங்கள் தாத்தாமார் தின்றபோது அது ஈனம்.

அதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்டேக்கில் மேலானது என்று சொல்லப்படுவது முதுகெலும்புக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் நீளமான சதை. கறிக்கடையில் 'அண்டர்கட்' என்பார்கள். மாட்டின் உடம்பில் மிகக் குறைவாக வேலை செய்கிற சதை அது. அதனால் மெத்தென்று இருக்கும், சட்டென்று வேகும். நடந்து நடந்து, உழுது உழுது இறுகிப்போன தொடையும் காலும் வேக நேரம் பிடிக்கும். உழைக்காத சதைக்கு விலை அதிகம், உழைத்த சதைக்கு விலை குறைவு. மாட்டின் உடம்புக்குள்ளேயும் ஒரு வர்ணாசிரமம் எழுதிவைத்திருக்கிறார்கள். சேரிக்கு வந்தது உழைத்த சதையும் குடலும் ஈரலும் கால் எலும்பும்தான். அதை ருசியாக்கத் தெரிந்தது எங்கள் பெண்களுக்கு. நிதானமான தீ, மிளகு, சீரகம், கொஞ்சம் தேங்காய், பொறுமை. மிச்சத்தை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கட்டி உப்புக்கண்டம் போட்டார்கள்.

சட்டமும் இந்தச் சமையலுக்குத் துணை. 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். அப்படிப்பட்ட கிழட்டு மாட்டில் மெத்தென்ற ஸ்டேக் எங்கிருந்து வரும்? சட்டத்தை மதித்துச் சாப்பிட வேண்டுமென்றால் எங்க அம்மா சமைப்பது போலத்தான் சமைத்தாக வேண்டும். 2017 மே 23இல் ஒன்றிய அரசு, சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று விதி போட்டது. ஒரு வாரத்தில், மே 30இல், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்து நடத்திய மாணவர்களில் ஒருவர் கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டு பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தது. திராவிட ஆட்சியிலும் மாடு ஃபேமிலிக்கு வெளியேதான்.

இவ்வளவும் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னது. இனி நம்மைப் பார்த்து.

தலித் எழுத்து தமிழில் என்ன செய்தது? உணவை அரசியலாக்கியது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தெருவில் ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போகிற காட்சியைப் படித்தவர்கள் மறக்க முடியாது. முதலில் சிரிக்கும் சிறுமிக்கு அண்ணன் காரணத்தைச் சொன்னபிறகு சிரிப்பு நின்றுபோகிறது. ஒரு தின்பண்டத்துக்குள் இவ்வளவு சாதி இருக்கிறது என்று அதுவரை யார் காட்டினார்கள்? 'தலித் பண்பாடு' எழுதிய ராஜ் கௌதமன், பாளையங்கோட்டையில் படித்தவர், 2024இல் மறைந்தவர், இழிவென்று ஒதுக்கப்பட்டதையே எதிர்ப்புக்கு ஆயுதமாக்கலாம் என்று நமக்குக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்துதான் நாம் மாட்டுக்கறியைக் கொடியாக்கினோம்.

கொடியாக்கினோம், சாப்பாடாக வைத்திருந்தோமா? நான் படித்த தலித் கதை, கவிதைகளில் மாட்டுக்கறி மூன்று விதமாகத்தான் வருகிறது. பசியாக வரும், அவமானமாக வரும், அறைகூவலாக வரும். ஆசையாக வந்து நான் பார்க்கவில்லை. ஒருத்தி ஒருத்தனுக்கு, ஒருத்தன் ஒருத்திக்கு, பிரியமாக ஒரு துண்டு எடுத்துவைக்கிற காட்சி எங்கே? தயிர் பிசைந்தவளுக்குக் கிடைத்த அந்த முகமலர்ச்சியை நம் பெண்களுக்கு நாமும் கொடுக்கவில்லை. எதிரியைப் பார்த்துச் சாப்பிட்டுக் காட்டிக்கொண்டே இருந்ததில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க மறந்துவிட்டோம். மாட்டுக்கறிக் கடையில் பெண்ணுக்குப் பெஞ்சு இல்லை. ஆம்பிளைகள் நின்றும் உட்கார்ந்தும் தின்றுவிட்டு, பெண்களுக்குக் கறுப்புப் பையில் பார்சல் கட்டுகிறார்கள். அந்தக் கறுப்புப் பையைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை.

அடுத்தது இன்னும் கசப்பானது. நான் பறையர் வீட்டுப் பெண். இவர் பள்ளர் வீட்டுப் பிள்ளை. இவர் தாத்தா காலத்தில் ஊர்கூடி மாட்டுக்கறியை விட்டுவிட்டார்கள். விட்டால் மதிப்பு வரும் என்று நினைத்தார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னார். அது தன்மானத்துக்கான குரல். ஆனால் 1948இல் தீண்டாமையின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் அவர் இன்னொன்றையும் சொன்னார். ஒரு காலத்தில் பிராமணர்களே மாடு தின்றவர்கள். பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அவர்கள் விட்டார்கள். விட முடியாத ஏழைகள் தீண்டப்படாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்று. முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? எங்க அத்தை சொன்னதுதான் ஆகும். "எளா, நீ திங்கிறத நான் தடுக்கல. அந்தச் சட்டியத் தனியா வச்சிரு. தெருவுக்கு மணம் போயிரப்புடாது." அத்தை நல்லவள். என்னைத் தன் தட்டில் சாப்பிட வைத்தவள். ஆனாலும் அந்தச் சட்டி தனியாக இருக்கிறது. நமக்குள்ளே இருக்கிற படிநிலையை இந்தச் சட்டியை விட்டுவிட்டுப் பேச முடியாது.

'ரொமான்டிக் டின்னர்' என்று இங்கிலீஷில் சொல்வதற்கு முதலில் இரண்டு பேர் உயிரோடு பக்கத்தில் உட்கார ஓர் இடம் வேண்டும். 2025 ஜூலை 27இல் இதே பாளையங்கோட்டையில் ஒரு தலித் இளைஞர், மென்பொருள் வேலை பார்த்தவர், சாதி தாண்டிக் காதலித்ததற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். காதலர்கள் ஆற்றங்கரையில் உட்காரலாமே என்பார்கள். கொக்கிரகுளத்தில் தாமிரபரணியைப் பார்த்து உட்கார்ந்தால் எங்களுக்கு 1999 ஜூலை 23 நினைவுக்கு வருகிறது. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. இந்த ஆற்றைப் பற்றி எத்தனையோ அழகான வரிகள் தமிழில் உண்டு. எங்களால் அவற்றை அப்படியே படிக்க முடியவில்லை.

கடைசியில் மேலப்பாளையத்துக்குத்தான் போனோம். பரோட்டாக் கல் பக்கத்தில் ஏழெட்டு ஆண்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "பார்சலாம்மா?" என்றார் கடைக்கார பாய். "இல்ல பாய், இங்கனயே உக்காந்து சாப்பிடுதோம்" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஓரத்துப் பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு, "வாங்க, உக்காருங்க" என்றார். மெழுகுவத்தி கிடையாது. ஒரு குண்டு பல்பு. வாழை இலையில் பிய்த்துப் போட்ட பரோட்டா, சால்னா, மிளகு தூக்கலாக வறுத்த கறி. பல வருஷம் வீட்டில் தொடாத ஆள், இவர் முதல் துண்டை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "நல்லா இருக்கு" என்றார். இருந்ததில் நல்ல துண்டாக ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தார். நான் சமைக்கவில்லை, என் கண்ணில் புகை ஏறவில்லை, நானும் சாப்பிட்டேன்.

என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டுப் போய் எங்க அம்மாவிடம் சொல்ல அங்கே செவிலித்தாய் யாரும் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான். 'நல்ல ஓட்டலாப் பாத்துப் போங்களேன்' என்ற தோழரே, உங்கள் அடுத்த கதையில் அந்தப் பெஞ்சைப் போடுங்கள். இரண்டு பேர் உட்காருகிற மாதிரி.