புள்ளிராஜாவின் வினா

2003ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் விளம்பரப் பலகைகளில் ஒரு வினா தோன்றியது: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" நாளடைவில் அது தெருக்கேலியாகிவிட்டது. எனினும், மக்களுக்கான கலையைப் பற்றிச் சிந்திப்போர் அவ்வாசகத்தை அலட்சியம் செய்தல் தகாது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் முணுமுணுக்கப்பட்ட ஒரு நோயை, அயல்வீட்டு மனிதன் ஒருவனின் பெயரோடு இணைத்து, நாற்சந்தியிலே பேசவைத்தது அது. விலைமாதரையே நோயின் பிறப்பிடமாகச் சுட்டிவந்த சமுதாயத்தின் விரலை ஆடவன் பக்கமும் திருப்பியது.

அவ்வினாவின் குறை அதன் காலத்திலே இருக்கிறது. 'வருமா?' என்பது எதிர்காலம். உறக்கமின்றிப் புரளும் மனிதன் கேட்பதோ, 'வந்துவிட்டதா?' என்பது. இந்த இரண்டாம் வினாவுக்கு நம் கலை தந்த விடை யாது?

சாமியின் இயக்கத்தில் 2007இல் வெளிவந்த 'மிருகம்' திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பெண்களை வதைத்துத் திரியும் முரடன் எயிட்ஸ் கண்டு உருக்குலைகிறான். அவனால் வதைபட்ட மனைவியே அவனைப் பராமரிக்கிறாள். அம்மனைவியாகப் பத்மப்பிரியா காட்டும் உறுதி பாராட்டுக்குரியது. ஆயினும் படத்தின் தலைப்பே ஒரு தீர்ப்பு. நோய் இங்கே பாவத்தின் கூலி. சிதைந்த உடலே அதன் அடையாளம். கதை எக்காலத்ததாயினும், படம் திரைக்கு வந்தபோது இந்திய அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து வழங்கத் தொடங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அம்மருந்தை உட்கொண்டு உழைத்து வாழும் மனிதனுக்கு அக்கதையில் இடமில்லை.

இக்கலை வளர்த்த பார்வையோடு, ஐயமுற்றவன் கண்ணாடிமுன் நின்று தன் உடலில் அடையாளம் தேடுகிறான். தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், தொண்டை நோ, தோற்தடிப்பு, நெறிகட்டுதல் தோன்றலாம், தோன்றாமலும் விடலாம். சாதாரணத் தடிமற் காய்ச்சலும் இவற்றுட் பலவற்றைக் காட்டும். மாரிமழையோடு டெங்குவும் வந்துசேரும் எமது ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பகுதியில், காய்ச்சலை வைத்து எதைத் தீர்மானிப்பது?

விடை இரத்தச் சோதனையிலேயே உண்டு. அதுவும் உரிய காலத்தில். நாளத்து இரத்தத்தை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் நான்காந் தலைமுறைச் சோதனை, பெரும்பாலும் 18 முதல் 45 நாட்களுள் தொற்றைக் கண்டுவிடும். விரல்நுனி இரத்தத்தில் செய்யும் விரைவுச் சோதனைகளுக்கு 90 நாட்கள் வரை செல்லலாம். அதற்கும் முன்னர், ஐயத்துக்குரிய தொடர்பு நிகழ்ந்த 72 மணி நேரத்துள் வைத்தியரை அடைந்தால், 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. அந்த மூன்று நாட்களைத்தான் வெட்கம் விழுங்கிவிடுகிறது.

வெட்கத்தோடு வர்க்கமும் இங்கே தொழிற்படுகிறது. எமது கரையோரக் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளிக்கு இச்சோதனை எவ்வாறு அறிமுகமாகிறது? வேலை அனுமதியின் நிபந்தனையாக! தொற்றுக் கண்டால் அந்நாடுகள் அவனை வெளியேற்றுகின்றன. சுகத்துக்குத் திறக்கவேண்டிய வாசல் பிழைப்பை அடைக்கும் கதவாகத் தெரியும்போது, அவன் அதனருகே செல்ல அஞ்சுவதில் வியப்பென்ன? இலங்கையின் அரச எஸ்.ரி.டி. கிளினிக்குகளில் சோதனை இலவசம், விபரம் இரகசியம். இதைக் கடன்பட்டு விமானமேறும் அத்தொழிலாளிக்கு அவனுடைய மொழியிலே சொல்லியவர் எத்தனை பேர்?

மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருப்பவர், பாலுறவால் அதைப் பிறருக்குத் தொற்றவைப்பதில்லை. விஞ்ஞானம் நிறுவிய இவ்வுண்மை எமது எழுத்தாளர்களுக்கு ஒரு புதிய கதைக்களத்தைத் திறந்துவைத்திருக்கிறது. மணமுடிக்கலாம், பிள்ளை பெறலாம், முதுமை காணலாம் என்றிருக்கும் மனிதனை மரணக் கட்டிலிலே கிடத்தி முடிக்கும் கதை யதார்த்தமாகாது. பழைய பயத்தின் மறுபதிப்பே ஆகும்.

புள்ளிராஜா நல்லவனா, கெட்டவனா என்ற விசாரணை போதும். அவன் சோதனைக்குப் போனானா, போகவிடாமல் தடுத்தது எது என்று எழுதுவோர் இனி வரட்டும்.