காணொளிக் கலையும் சுட்டுப்பொருளும்

காணொளிக் கலைப் படைப்புகளை இணையத்தில் கண்டு பிறர்க்கு அனுப்புவது இன்று இயல்பாகிவிட்டது. அது மூலத்தைக் கண்டதாகுமா என்னும் வினாவிற்குத் திறனாய்வாளர் பலர் வால்டர் பெஞ்சமினின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையையே விடையாகக் காட்டுவர். படி எத்துணைச் செம்மையாயினும் மூலத்திற்குரிய இடமும் காலமும் அதற்கு இல்லை என்பது அவர் கருத்து. ஓவியத்திற்கு இது பொருந்தும். காணொளியோ படியெடுப்பதற்கென்றே பிறப்பது. எனவே மூலம் எது என்பதை வேறு வழியில் தேட வேண்டியுள்ளது. மொழியியலார்க்குப் பழகிய சுட்டு என்னும் கருத்து ஈண்டுப் பயன்படும்.

கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' (2010) 24 மணிநேரம் ஓடுவது. 2011இல் வெனிஸ் கலைவிழாவில் தங்கச் சிங்க விருது பெற்றது. ஆயிரக்கணக்கான திரைப்படத் துணுக்குகள் கடிகாரத்தைக் காட்டியோ நேரத்தைக் கூறியோ செல்கின்றன. திரையில் மணி 3.10 என்றால் அரங்கிற்கு வெளியேயும் 3.10. 'இப்பொழுது' என்னும் ஒரு சொல்லையே அப்படைப்பு நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கிறது எனலாம். அதன் ஐந்து நிமிடப் பகுதியை நண்பர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குக் காண்பாராயின், அச்சொல் எதனையும் சுட்டாது.

'நான் நாளை வருவேன்' என்பதை அயற்கூற்றாக்கும்போது 'நான்' தானாகவும் 'நாளை' மறுநாளாகவும் மாறுகின்றன. பகிரப்படும் துணுக்கில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. அது மேற்கோட்குறி இழந்த நேர்கூற்று. ஆயின் முழுப்படைப்பையும் உரிய நேரத்தில் வீட்டுக் கணினியில் ஓடவிட்டால் மூலம் பெரிதும் குன்றாது என்பதே என் கருத்து. அரங்கின் இருளும் அருகிலிருக்கும் அயலாரும் சுவை கூட்டலாம். சுட்டுப்பொருள் அவற்றைச் சார்ந்ததன்று. அருங்காட்சியகத்தார் இதனை ஏற்கமாட்டார்கள்.

மார்த்தா ராஸ்லரின் 'செமியாட்டிக்ஸ் ஆஃப் தி கிச்சன்' (1975) இதற்கு மறுதலை. ஏறத்தாழ ஆறு நிமிடம், அசையாத கேமரா, ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் சமையற் கருவிகளின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். சுட்டப்படும் பொருள் திரைக்குள்ளேயே இருத்தலின், எந்தத் திரையில் எப்பொழுது கண்டாலும் இழப்பு மிகச் சிறிது. இடர்ப்பாடு மொழிபெயர்ப்பாளர்க்கே உரியது. 'நைஃப்' என்பதைக் 'கத்தி' என எழுதினால் பொருள் நிற்கும், வரிசை சிதையும். அகர வரிசையைக் காப்பதற்காக 'அகப்பை' என்று தொடங்கினாலோ, அவர் கையிலிருப்பது 'ஏப்ரன்'. அகப்பையை அவர் எடுப்பது 'எல்' வரும்போதுதான்.