செஞ்சி முற்றுகையும் ஏற்கப்படாத சமாதானமும்

2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. தமிழகத்திலிருந்து அத்தொகுதியில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. அதன் பின்னர் 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகை மீண்டும் பேசப்படுகின்றது. ஆயின் ஒரு தரப்பார் அதனை வீரக் கதையாகச் சொல்கின்றனர்; மறு தரப்பார் முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் துரோகக் கதையாகச் சொல்கின்றனர். அம்முற்றுகையினூடே போரை முடிப்பதற்கான பேச்சுகளும் நடந்தன என்பதை எவரும் தனியே எடுத்து ஆராய்ந்ததாக நாம் காணவில்லை.

துரோகம் என்னும் தீர்ப்பு புதியதன்று. யதுநாத் சர்க்காரின் ஔரங்கசீப் வரலாறும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறும் சுல்பிகார் கான் பகைவருடன் இரகசியத் தொடர்பு கொண்டிருந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இடந்தருகின்றன. அதற்கு முதன்மைச் சான்று பீம்சேன் எழுதிய பாரசீக நினைவுக் குறிப்பு. அவர் தள்பத் ராவ் புந்தேலாவின் பணியில் இருந்து முற்றுகையை நேரில் கண்டவர். கான் விரும்பியிருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருக்கலாம் என்பது அவர் கருத்து. நேரில் கண்டவரின் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் ஆண்டுக் கணக்கில் பாசறையில் அலுத்துப்போன ஒருவரின் சொல் அது என்பதையும் மறத்தலாகாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்தோடும் மதிலைச் சுற்றி நடந்து பார்த்த எவரும், 'எப்போதோ பிடித்திருக்கலாம்' என்பதைச் சற்றுத் தயக்கத்துடனேயே ஏற்பர்.

நமது குறை வேறு. இவ்விரு நூல்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பேச்சுகளை ஒரே சந்தேகத்தின் நிழலில் நிறுத்திவிடுகின்றன.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படே காஞ்சிபுரம் ஃபவுஜ்தார் அலி மர்தான் கானைச் சிறைபிடித்தார். தானாஜி ஜாதவும் சேர்ந்துகொள்ளவே, முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளாயினர். பாசறையில் தானியம் அருகிற்று. 1693 ஜனவரியில் முகலாயப் படை மராட்டியருடன் இணக்கம் செய்துகொண்டு வடகிழக்கே வந்தவாசிக்குப் பின்வாங்கியது. இது பட்டினியிலிருந்து படையைக் காத்த ஏற்பாடு. இதனைத் துரோகமென்பது பொருந்தாது.

அதே வேளையில் பேரரசரின் இளைய மகன் காம் பக்ஷும் ராஜாராமுடன் இரகசியமாகப் பேசினார். தந்தை இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியிருந்த நேரம் அது. அரியணையைக் குறித்த அச்சமும் ஆசையுமே அவரைப் பேச வைத்தன. வசீர் அசத் கானும் அவர் மகன் சுல்பிகார் கானும் இளவரசரையே காவலில் வைத்தனர். பகைவருக்கு உடந்தை எனப்படும் அதே கான், பகைவருடன் பேசிய இளவரசரைச் சிறைப்படுத்தும் துணிவும் கொண்டிருந்தார் என்பது அவரைப் பற்றிய எளிய தீர்ப்புக்கு இடையூறாகவே நிற்கின்றது.

நம் கவனத்துக்குரியது 1697ஆம் ஆண்டின் பேச்சே. ராஜாராம் தம் மகன் கர்ணனைச் சமாதானம் வேண்டி சுல்பிகார் கானிடம் அனுப்பினார். கோரிக்கை பேரரசரின் பார்வைக்குச் சென்றது. ஔரங்கசீப் அதனை மறுத்துக் கோட்டையைப் பிடிக்குமாறு ஆணையிட்டார். 1698இன் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. ஆயின் ராஜாராம் அதற்கு முன்னரே தப்பிச் சென்றிருந்தார். அத்தப்பிதலில் கானுக்குப் பங்கிருந்திருக்கலாம். அவரை முற்றிலும் குற்றமற்றவராக்குவது நம் நோக்கமன்று. தன்னலம் அவரிடம் மிகுதியாகவே இருந்தது. ஆனால் தூது கொண்டு வந்தவரின் குணத்தை வைத்துத் தூதின் தகுதியை அளப்பது வரலாற்று நெறியாகாது.

அன்று பேரரசர் இசைந்திருந்தால் போர் முடிந்திருக்குமா? உறுதியாகக் கூற இயலாது. ராஜாராமின் கட்டளையை அவருடைய தளபதிகளே முழுமையாக ஏற்றவர்களல்லர். சந்தாஜிக்கும் அவருக்கும் பகை முற்றி, 1697இல் சந்தாஜி கொல்லப்பட்டார். மறுபுறம் சுல்பிகார் கானுக்குப் பேசும் வாய்ப்பு இருந்ததேயன்றி முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கையை ஈண்டு நினைவுகூர்கிறோம். அதன் நிபந்தனைகள் உமர் (ரலி) அவர்களுக்கே தாழ்வாகத் தோன்றின. எனினும் குறைஷியர் சார்பில் வந்த சுஹைல் இப்னு அம்ர் உடன்படும் அதிகாரத்தோடு வந்தார். அவருக்கு எதிரே அமர்ந்தவரோ அண்ணல் நபி (ஸல்) அவர்கள். செஞ்சியில் ஒப்பமிட வல்ல கை தக்காணத்தின் மறுகோடியில் இருந்தது. களத்தின் களைப்பு அங்கே உரைக்கவில்லை.

மறுப்பு அத்துடன் நிற்கவுமில்லை. 1700இல் ராஜாராம் இறந்தபின் அவர் மனைவி தாராபாய் அனுப்பிய சமாதான வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. ஔரங்கசீப்பின் இறைப்பற்றையும் எளிய வாழ்வையும் போற்றும் நம்மவர் சிலர் இதனைப் பேசத் தயங்குகின்றனர். அத்தயக்கம் தேவையற்றது. இப்போரைச் சமயப் போராகக் காட்டுவோருக்கு விடையாக, முகலாயப் பாசறையில் தள்பத் ராவும் பீம்சேனும் இருந்ததைச் சுட்டுகிறோம். அரசியல் போர் என்று நாமே வாதிட்ட பின், அதன் தவறுகளையும் அரசியல் தவறுகளாகவே எடைபோடுவதுதான் நேர்மை.

பிற்காலத்து சுல்பிகார் கானைக் கண்டால் செஞ்சிக் காலத்தவரும் வேறு ஒளியில் தெரிகின்றார். 1689இல் ராய்கட் கோட்டையைப் பிடித்து, சாம்பாஜியின் மகனான சிறுவன் ஷாஹுவை முகலாயப் பாசறைக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1707இல் பேரரசர் இறந்தபின் அந்த ஷாஹுவை விடுவிக்குமாறு இளவரசர் ஆசமுக்கு அறிவுரை கூறியவரும் அவரே. பஹதூர் ஷாவின் அவையில் ஷாஹுவின் சவுத், சர்தேஷ்முகி உரிமைகளுக்காக அவர் வாதிட்டார். முனீம் கான் தாராபாய் தரப்பை ஆதரித்ததால் முடிவு ஏற்படவில்லை. செஞ்சியில் விலைபோனவர் என்று மட்டும் சொல்லிச் செல்லும் நூல்கள், பத்தாண்டுகள் கழித்தும் அதே இணக்கத்தை அவர் வெளிப்படையாக வேண்டியதற்கு விளக்கம் தர வேண்டும்.

அவ்வுரிமைகள் 1719இல் முகலாய அரசின் ஆணையாக வந்தன. தக்காணத்தின் ஆறு சுபாக்களில் சவுத்தும் சர்தேஷ்முகியும் ஷாஹுவுக்குக் கிடைத்தன. ஈடாக 15,000 குதிரைப்படையும் ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாயும் தர அவர் இசைந்தார். அப்போது சுல்பிகார் கான் உயிருடன் இல்லை. 1713இல் ஃபரூக் சியரின் ஆணைப்படி கொல்லப்பட்டிருந்தார்.