ஏழு கிழமையும் ஆறு கிழமையும்

வில்லியம் ஸ்ரைரன் எழுதி 1990 இல் வெளிவந்த ‘டார்க்னெஸ் விசிபிள்’ என்ற சிறு நூலை நாம் ஜேர்மன் மொழிபெயர்ப்பில், கோப்பை கழுவும் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் கடைசி ரயில்களில் வாசித்தோம். மனச்சோர்வு பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையான நூல்களில் இது ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாசித்து முடித்த அன்றிரவே எமது குளிசைகளைக் குப்பைக்குள் எறிந்தோம். ஆகவே நடுநிலையான விமர்சனத்தை வாசகர் எம்மிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

‘சோபிஸ் சொய்ஸ்’ நாவலால் உலகறிந்த ஸ்ரைரன் 1985 இல், அறுபது வயதில், இந்நோயில் வீழ்ந்தார். முதலில் லூடியோமில், பிறகு நார்டில் என மருந்துகள் கொடுக்கப்பட்டன. முதலாவது பதற்றத்தைத் தந்தது. இரண்டாவது பலன் தரவில்லை. நித்திரைக்காக எடுத்த ஹால்சியன் நோயை இன்னும் மோசமாக்கியது என்று அவர் நம்பினார். டிசெம்பரில் சாவின் விளிம்புவரை போனவர், மனைவியை எழுப்பி, மறுநாள் வைத்தியசாலையில் சேர்ந்தார். அங்கே ஏறத்தாழ ஏழு கிழமை. ஒதுங்கியிருந்ததும் காலமுமே தன்னைக் குணப்படுத்தின என்கிறார்.

நூலின் பலம், சொற்களோடு அவர் போடும் சண்டை. இந்தப் பெருநோய்க்கு இவ்வளவு சப்பென்ற பெயரா என்று கோபிக்கிறார். புயலைக் குறிக்கும் சொல்லொன்று பொருந்தும் என்கிறார். எமக்கு அது நன்றாகவே விளங்கியது. எம்மவரிடம் இதற்கு இரண்டு சொற்களே உண்டு: ஒன்று யோசனை, மற்றது விசர். முதலாவது எல்லோருக்கும் இருப்பது, இரண்டாவது எவரும் ஒத்துக்கொள்ளாதது. வைத்தியரிடம் நாம் வாய் திறக்காமல் இருந்தபோது மொழிபெயர்க்க வந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: “விசரோ எண்டு கேக்கேல்லைத் தம்பி. மனம் களைச்சுப் போச்சோ எண்டுதான் கேக்கிறார்.” அதன் பிறகுதான் எமக்குப் பேச்சு வந்தது.

நூலின் பலவீனம் அதன் கதையமைப்பில் இருக்கிறது. மருந்துகள் தோல்விகளாக வந்து போகின்றன. வைத்தியசாலை மீட்பாக வருகிறது. ஏழு கிழமை ஒதுங்கியிருக்க எம்மில் யாரால் முடியும்? வேலைக்கும் விசாவுக்கும் உள்ள தொடர்பை இங்குள்ள அகதிக்கு விளக்க வேண்டியதில்லை. ஒதுங்கியிருக்க வழியற்றவனுக்குக் குளிசை மட்டுமே மிஞ்சுகிறது. அதையும் இந்நூல் எமது கையிலிருந்து தட்டிவிட்டது.

எமது முதல் மருந்து சேர்ட்ராலின். கொதியெண்ணெயின் முன்னால் நின்றபோது வந்த குமட்டலைத் தாங்க முடியாமல் பத்தாம் நாள் நிறுத்தினோம். இரண்டாவது மிர்ராசபின். நித்திரை வந்தது, காலையில் எழும்பத்தான் முடியவில்லை. மூன்றாம் கிழமையில் ஸ்ரைரன் வந்தார், குளிசை குப்பைக்குப் போனது. அடுத்த மாதம் முழுவதும் கட்டிலிலேயே கிடந்தோம், வேலையும் போனது.

நாம் அறியாதிருந்தது இதுதான். அமெரிக்காவில் ஏறத்தாழ 4000 பேரைச் சேர்த்து நடத்தி, 2006 இல் முடிவுகள் வெளியான ஸ்ரார்-டி ஆய்வில், முதல் மருந்தோடு முழுதாகத் தேறியவர்கள் மூன்றிலொரு பங்கினர் அளவே. முதல் குளிசை கைவிடுவது நோயாளியின் குற்றமல்ல. இமிப்பிரமின் என்ற ஆரம்பகால மருந்தும் இப்படித் தடுமாறியே வந்தது. நாம் வாழும் இதே சுவிஸில், பொடன் ஏரிக்கரையிலுள்ள முன்ஸ்ரர்லிங்கன் மருத்துவமனையில், 1950களில் ரோலன்ட் கூன் அதை மனச்சிதைவுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு உதவாத மருந்து மனச்சோர்வுக்கு உதவியது. அங்கே நோயாளர் பலர்மீது அவர்களுடைய முறையான சம்மதமின்றி மருந்துகள் பரீட்சிக்கப்பட்டதை 2019 இல் வெளியான வரலாற்றாய்வொன்று வெளிப்படுத்தியது. பரீட்சித்துப் பார்ப்பது இவ்வைத்தியத்தின் பிறவிக்குணம். யார் யாரைக் கேட்டுப் பரீட்சிக்கிறார் என்பதே கேள்வி.

மூன்றாவது மருந்தின்போது வைத்தியர் எம்மைக் கேட்டார். எஸ்சிற்றலோபிராம் பற்றி விளக்கி, ஆறு கிழமை பொறுக்க முடியுமா என்றார். நிறுத்துவதென்றால் தன்னிடம் சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும் என்றார். ஆறாம் கிழமை, புதிய சமையலறையில், அடிப்பிடித்த சட்டியொன்றை யாரோ ஊறப்போடாமல் விட்டுப் போயிருந்தார்கள். எமக்குக் கோபம் வந்தது. ஒரு வருடமாக எமக்குக் கோபமே வந்ததில்லை. சட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றோம்.

தாந்தே நரகத்தைவிட்டு வெளியேறி விண்மீன்களைக் காண்பதோடு ஸ்ரைரன் நூலை முடிக்கிறார். நாம் வெளியே வந்து கண்டது சட்டியை. அவருக்கும் கதை அங்கே முடியவில்லை. 2000 இல் நோய் திரும்பி வந்தது.

இந்தக் குளிர்காலத்தில் நூலை மீண்டும் வாசித்தோம். மருந்து பலருக்கு உதவுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் வாசிப்பில் அதைக் கடந்து போயிருக்கிறோம். அது எமது பிழையும்தான். ஆனால் நோயில் இருப்பவன் அப்படித்தான் வாசிப்பான், தன்னைத் தோற்கடிக்கும் வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்து.

ஆகவே எமது முடிவு இதுதான்: இந்நூலை நோயில் கிடப்பவரிடம் கொடுக்காதீர்கள். அவரோடு ஒரே அறையில் இருப்பவரிடம் கொடுங்கள். இது கடந்து போகும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும் என்பதை ஸ்ரைரனைப் போல் சொன்னவர்கள் குறைவு.