ஜெயிப்பேனா, ஜெயிப்போமா?

ஒருத்தரோட குணத்துக்குச் சாட்சியாக அவர் சொன்ன ஒற்றை வரியைக் காட்டுவது நம்ம ஊரில் ரொம்பப் பழைய பழக்கம். காமராஜர் விஷயத்தில் இது உச்சம். அவர் சொன்னதாக ஏதாவது ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழாத வாரமே இல்லை. இந்த மாதிரி வாசகங்களை வைத்து ஒரு மனிதரை எவ்வளவு தூரம் எடைபோடலாம்? நாலே நாலு வாசகங்களை எடுத்துப் பார்க்கிறேன்.

முதலில், அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. 1967 தேர்தலில் "படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்" என்றார், விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஆணவத்துக்கு விழுந்த அடி. கதை முடிந்தது. இன்றைக்கும் மேடையில் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இந்த வாசகம் இரண்டு வடிவத்தில் புழங்குகிறது. சிலர் சொல்வது "ஜெயிப்பேன்", சிலர் சொல்வது "ஜெயிப்போம்". இரண்டே எழுத்துதான் வித்தியாசம். முதலாவது தனி மனிதரின் தெனாவட்டு. இரண்டாவது, கட்சித் தலைவர் தொண்டர்களுக்குச் சொல்லும் தைரியம். அடுத்து, 'படுத்துக்கொண்டே'. பேச்சு வழக்கில் இதற்கு 'அலட்டிக்காமல்' என்று அர்த்தம். ஆனால் விபத்தில் அடிபட்டு அவர் நிஜமாகவே படுத்திருந்த சமயத்தில் சொன்னது என்ற பின்னணியைச் சேர்த்தால், "நான் எழுந்து வர முடியாவிட்டாலும் பரவாயில்லை" என்று ஆகிவிடுகிறது. கதையிலிருந்து கட்டிலைத் தூக்கிவிட்டால் ஆணவம், திரும்பப் போட்டால் ஆறுதல்.

கட்டிலைத் தூக்கியது எதிர்க்கட்சி மட்டும் இல்லை, நாமும்தான். பெரிய மனிதர் தோற்றால் அதற்குக் காரணம் அவர் குணத்திலேயே இருக்கணும் நமக்கு. அரிசித் தட்டுப்பாடு, 1965 ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம், எதிர்க்கட்சிகளின் கூட்டணி, ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டது என்று விரல்விட்டு எண்ணுவதைவிட ஒரு வரி சுலபம்.

இரண்டாவது, நேருவுக்குப் பிறகு நீங்களே ஏன் பிரதமர் ஆகக்கூடாது என்று கேட்டபோது, ஹிந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, எப்படி என்று திருப்பிக் கேட்டாராம். இதை அடக்கம் என்று கொண்டாடுகிறோம். ஆனால் அவருக்கு ஆங்கிலப் பத்திரிகை படித்தால் புரியும் என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக இது தகவல் இல்லை, யாரையும் புண்படுத்தாமல் கதவைச் சாத்தும் விதம். 1964-ல் சாஸ்திரியையும் 1966-ல் இந்திராவையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்ததில் பெரும்பங்கு உள்ளவருக்கு, அதன் அளவு தெரியாதா? அடக்கம் இருக்கலாம், கூடவே கணக்கும் இருந்தது. நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது, 1975 அக்டோபர் 2. தி. நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் உதவியாளரிடம், விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொன்னதுதான் அவருடைய கடைசிப் பேச்சு என்பார்கள். தூங்கப் போகிற எவரும் சொல்வது. அவர் எழுந்திருக்கவில்லை என்பதால் அது தீர்க்கதரிசனம் ஆயிற்று. எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருஷம் வேறு. இந்த வாசகம் அவர் குணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நம்முடைய துக்கத்தைப் பற்றி நிறைய சொல்கிறது.

நாலாவது எல்லோருக்கும் தெரிந்த "ஆகட்டும், பார்க்கலாம்". என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லாகில் ஒரே ஒரு வரியைப் பார்த்து சிஸ்டம் எப்படி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டோம், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்போம். மற்ற மூன்றும் சந்தர்ப்பத்தில் வந்தவை. இது ஒன்றுதான் வாடிக்கை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவரிடம் மனுவோடு போனவர்கள் கேட்டது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். இதே "பார்க்கலாம்" இன்றைக்கு எந்த ஆபீஸிலும் கிடைக்கும். அங்கே அதற்கு அர்த்தம் 'நடக்காது'. காமராஜர் வாயில் மட்டும் அது வாக்குறுதியாகக் கேட்டது ஏன்? கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் திறந்தது, 1956-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது, இதையெல்லாம் ஜனங்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். சொல் மனிதரைக் காட்டிக்கொடுக்கவில்லை, செய்ததுதான் சொல்லுக்கு அர்த்தம் கொடுத்தது.

அதனால் அடுத்த முறை யாராவது ஒரு தலைவரின் ஒற்றை வரியை அனுப்பினால், மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நிலைமையில் சொன்னார்? எத்தனை முறை சொன்னார்? சொன்ன பிறகு என்ன செய்தார்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மட்டும் அதைக் குணத்தின் கணக்கில் எழுதலாம்.