ஒரு முகத்துப் படை

கற்பனைப் போர்வீரர் இனங்களில் தனி வகை ஒன்று உண்டு. அந்த வீரர்களுக்குத் தாய் கிடையாது, பிள்ளைப்பருவம் கிடையாது. ஒருவனிலிருந்தே நூறு பேர் எழுவார்கள். நூறு பேருக்கும் ஒரே முகம், ஒரே பலம். புராணம் இதை வரம் என்றது. அறிவியல் புனைகதை குளோனிங் என்கிறது. கதை சொல்பவருக்கு இது சுலபமான வேலைபோலத் தெரியும். உண்மையில் படையைப் பெருக்குவது எளிது, முடிப்பதுதான் கடினம். வெட்ட வெட்ட முளைக்கும் எதிரியை எப்படி ஒழிப்பது? படை எந்த வழியில் பெருகியதோ அந்த வழிக்குள்ளேயே அதன் முடிவையும் வைக்கிறவன்தான் இதில் தேர்ந்த கைவினைஞன். வெளியிலிருந்து ஒரு குண்டைப் போட்டு முடிப்பவன் பாதியில் தப்பித்துக்கொள்கிறான்.

இந்தக் கலையைப் பழகிப் பார்க்கப் பினாங்கு நல்ல இடம். ஜார்ஜ்டவுனில் 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து சீனர்களின் கூத்துமேடைகள் எழும் தெருக்களுக்கு நடந்தே போய்விடலாம். தேவியின் போர்க்கதையும் குரங்கரசன் கதையும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்கின்றன. இரண்டும் தெரிந்த தமிழ் ரசிகர்கள் இங்கே அபூர்வமல்ல.

மூத்த உதாரணம் ரக்தபீஜன். மார்க்கண்டேய புராணத்தின் பகுதியான தேவி மகாத்மியத்தில், எட்டாம் அத்தியாயத்தில் வருகிறான். அவன் உடலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் மண்ணில் விழுந்தால் அவனைப் போலவே, அவனுக்குச் சமமான உருவமும் வலிமையும் கொண்ட இன்னொரு அசுரன் எழுவான். சப்த மாதர்கள் சூழ்ந்து தாக்கத் தாக்கக் களம் ரக்தபீஜர்களால் நிறைகிறது. போரில் வெற்றி என்பதே எதிரியைக் காயப்படுத்துவதுதான். இங்கே ஒவ்வொரு காயமும் ஒரு பிரசவம். தேவர்கள் பயந்துபோகிறார்கள். தேவி புதிய ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. வாயை அகலத் திறந்து சொட்டு மண்ணைத் தொடுமுன் குடித்துவிடும்படி சாமுண்டி என்னும் காளியிடம் சொல்கிறாள். விதை நிலத்தில் விழாவிட்டால் முளைக்காது, அவ்வளவுதான். ரத்தம் வற்றியதும் மூலவன் சாய்கிறான். கதையின் நிபந்தனையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் கதையை முடிக்கும் சாமர்த்தியம் இது. நாக்கை நீட்டிய காளி உருவத்தைப் பயங்கரம் என்று மட்டும் பார்ப்பவர்கள் அதிலுள்ள தர்க்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

கௌரவர் பிறப்பு இதற்கு நேரெதிர். காந்தாரி இரண்டு ஆண்டு சுமந்து பெற்றது இறுகிய ஒரு மாமிசப் பிண்டம். வியாசர் அதைக் குளிர்ந்த நீரால் நனைக்கச் செய்கிறார். அது நூற்றொரு துண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டும் நெய் நிறைந்த குடத்தில் வைத்துக் காக்கப்படுகிறது. நூறு ஆண், துச்சலை என்ற ஒரு பெண். ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவைகளை நினைவூட்டும் இந்தக் காட்சியைக் காட்டி அன்றே குளோனிங் இருந்தது என்று மேடையில் பெருமை பேசுவோர் உண்டு. அந்தப் பெருமை கதைக்கு எதையும் சேர்ப்பதில்லை. கவனிக்க வேண்டியது வேறு: ஒரே பிண்டத்திலிருந்து வந்தாலும் இவர்கள் நகல்கள் அல்ல. நூறு பெயர்கள், நூறு மரணங்கள். விகர்ணன் என்ற ஒருவன் சபையில் எழுந்து திரௌபதிக்காக நியாயமும் பேசுகிறான். பொதுவான பலவீனம் இல்லாததால் பொதுவான முடிவும் இல்லை. பீமன் ஒவ்வொருவராகத்தான் கொல்ல வேண்டியிருக்கிறது. தெருக்கூத்து இந்தச் சிக்கலை அழகாகக் கையாள்கிறது. துரியோதனன், துச்சாதனன் என்று இரண்டே கிரீடங்கள் ஆடும். மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் அந்த இருவரின் அடவிலும் குரலிலும் அடங்கிவிடுவார்கள்.

குரங்கரசன் சுன் வூகோங்கின் முறை இன்னும் நயமானது. பதினாறாம் நூற்றாண்டின் மிங் காலச் சீன நாவலான ‘மேற்குப் பயணம்’ அவன் உடலில் எண்பத்து நாலாயிரம் மயிர்கள் என்கிறது. ஒரு பிடி மயிரைப் பிடுங்கி, மென்று, ஊதி, மாறு என்று கத்தினால் அவ்வளவும் குட்டிக் குரங்கு வீரர்களாகி எதிரியை மொய்த்துக்கொள்ளும். சண்டை முடிந்ததும் உடலை ஒரு உலுக்கு உலுக்குவான். மயிர்கள் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். நகல்களுக்குச் சாவு இல்லை, திரும்பப் பெறுதல் மட்டுமே. ரக்தபீஜன் தன் பெருக்கத்தை ஆளவில்லை, அது அவனுக்கு நேர்கிறது. குரங்கரசனுக்கோ அது கைவந்த வித்தை. அதனால்தான் ஒருவன் அழிகிறான், மற்றவன் வழிபடப்படுகிறான்.

பினாங்கில் ஹொக்கியன் மொழியில் நடக்கும் பொத்தேஹி கையுறைப் பொம்மலாட்டத்தில் இந்தக் கதை உயிரோடு இருக்கிறது. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், பசித்த ஆவிகளுக்கான விழாவில், தெருவோரம் மேடை எழும். முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுவது வழக்கம். பொம்மையின் தலை மரம், உடல் வெறும் துணி. சுட்டுவிரல் தலைக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் கைகளுக்குள். ஒரு கலைஞனுக்கு இரண்டு கைதான், ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு பொம்மைதான். நூறு குரங்குகளை இரண்டு கையால் காட்டுவது எப்படி? வேகம் ஒன்றே வழி. பொம்மை உள்ளே போவதும் வருவதும் இமைப்பொழுதில் நடக்க வேண்டும். பறை, தாளம், கூச்சல் எல்லாம் சேர்ந்து கண் காணாததைக் காது கண்டதாக நம்ப வைக்க வேண்டும். கூத்தின் இரண்டு கிரீடமும் பொத்தேஹியின் இரண்டு கையும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன: எண்ணிக்கை பார்ப்பவர் மனத்தில் உருவாவது.

மேற்கத்திய அறிவியல் புனைகதை இந்த இனத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனது. 1932இல் வந்த ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நாவலில் ஒரு கருமுட்டையிலிருந்து தொண்ணூற்றாறு பேர்வரை எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் தொழிலாளிகள். முழுக்க முழுக்கப் போருக்கென்றே வளர்க்கப்படும் குளோன் இனத்துக்குப் பேர்போனவர்கள் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 1973 டிசம்பரில் ராபர்ட் ஹோம்ஸ் அறிமுகப்படுத்திய சோன்டாரன்கள். கழுத்தில்லாத குட்டை உருவம், உருளைக்கிழங்கு போன்ற தலை. லட்சக்கணக்கில் ஒரே அச்சில் உருவாகிறார்கள். பெண்கள் இல்லை, குடும்பம் இல்லை, போரில் சாவதே பெருமை. பின்கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. ஊட்டச்சத்து அதன் வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. அங்கே அடித்தால் விழுந்துவிடுவார்கள். எதிரிக்கு முதுகு காட்டாமல் நிற்பதையே வீரமாக மாற்றிக்கொண்ட இனம் அது! உடலமைப்பிலிருந்தே ஒரு பண்பாட்டைப் பிழிந்தெடுத்த எழுத்து. சிக்கனமும் இதில் உண்டு. முதல் கதையில் லிங்க்ஸாக வந்த கெவின் லிண்ட்சேயே 1975இல் ஸ்டைர் என்ற வேறொரு அதிகாரியாகவும் வந்தார். ஒரே நடிகரா என்று எவரும் முகம் சுளிக்க முடியாது; குளோன் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்!

1996 ஜூலையில் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆட்டுக்குட்டி குளோனிங் முறையில் பிறந்தது. 277 முயற்சிகளில் கிடைத்த ஒரே குட்டி. அதற்குப் பின் குளோன் படைகள் திரையில் பெருகின. 2002இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஜாங்கோ ஃபெட் என்ற கூலிவீரனை மூலமாக வைத்து ஒரு படையையே வளர்க்கிறார்கள்; கீழ்ப்படிவதற்கென்று மரபணுவைத் திருத்தி, இருமடங்கு வேகத்தில் வளர்த்து. அந்தப் படத்துக்காக ஒரு கவச உடைகூடத் தைக்கப்படவில்லை. எல்லா வீரர்களும் கணினியில் பிறந்தவர்கள். ஜாங்கோ கேட்ட கூலியில் ஒரு விநோதம் உண்டு: திருத்தாத, சாதாரண வேகத்தில் வளரும் ஒரு நகல், மகனாக வளர்க்க. படத்தின் ஆகச் சிறந்த யோசனை அது. படம் அதை ஓரமாகக் கடந்துபோகிறது.

தமிழுக்கு இந்தக் கலை முழு வடிவில் வந்தது 2010 அக்டோபர் 1 அன்று, ‘எந்திரன்’ படத்தில். மலேசியாவுக்கு இதில் ஒரு பங்கு உண்டு: படத்தின் பாடல்கள் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று புத்ராஜெயாவில் வெளியிடப்பட்டன. சுஜாதா 2008இல் மறைந்த பின் மதன் கார்க்கியும் இயக்குநர் ஷங்கரும் வசனத்தைத் தொடர்ந்தார்கள். வசீகரன் என்ற விஞ்ஞானி இந்திய ராணுவத்துக்கென்று சிட்டி என்ற ரோபோவைத் தன் முகத்திலேயே செய்கிறான். படைப்பவன், படைக்கப்பட்டவன், பின்னால் வரும் நகல்கள் அத்தனை பேரும் ரஜினிகாந்த்.

திரைக்கதையின் நுட்பம் பிரசவத்தில் இருக்கிறது. முதல் பாதியில் சிட்டி, வசீகரனின் காதலி சனாவின் அக்காவுக்குச் சிக்கலான பிரசவம் பார்த்துக் குழந்தையைக் கையில் ஏந்துகிறது. அதன்பிறகுதான் அதற்கு மனித உணர்வு உண்டென்று, அதுவரை அதை ஏற்க மறுத்த பேராசிரியர் போராவே ஒப்புக்கொள்கிறார். இரண்டாம் பாதியில் சிவப்புச் சிப் பொருத்தப்பட்ட அதே சிட்டி, சனாவைத் திருமணக் கோலத்திலேயே தூக்கிவந்து, மனிதப் பெண்ணும் இயந்திரமும் சேர்ந்து பிள்ளை பெறலாம் என்கிறது. அவள் மறுக்கிறாள். அவளை அடைத்துவைத்த இடத்துக்கு வெளியே நிற்பதோ அது தானே செய்துகொண்ட நூற்றுக்கணக்கான நகல்கள். வேண்டியது பிள்ளை, கிடைத்தது படை. ‘ஸ்டார் வார்ஸ்’ தொட்டுவிட்டுப் போன இடத்தில் தமிழ்ப்படம் நின்று பேசுகிறது.

நகல்களை உருவாக்கிய கைவேலையும் கலவைதான். லெகசி எஃபெக்ட்ஸ் செய்த இயந்திர உருவங்கள், உடையணிந்த பொம்மைகள், ஒப்பனையிட்ட ஆட்கள், வி. ஸ்ரீனிவாஸ் மோகன் மேற்பார்வையில் கணினி உருவங்கள் என்று எல்லாம் ஒரே சட்டகத்தில் நிற்கும். எது எதுவென்று பிரித்துப் பார்ப்பது ஒரு ரசனைதான், இப்போது பார்த்தால் சில இடங்களில் பிசிறு தெரியும். சாபு சிரிலின் அரங்கத்துக்கும் இந்த வரைகலைக்கும் தேசிய விருது கிடைத்தது.

கடைசிப் போரில் ரோபோக்கள் பிணைந்து துப்பாக்கி முள் நீட்டிய பந்தாகின்றன, பாம்பாக நெளிகின்றன, பேருருவாக எழுகின்றன. எல்லோரும் பேசுவது இதைத்தான். ஆனால் படத்தின் மணி அதற்கு முன்னால் வருகிறது. வசீகரன் ரோபோ வேடத்தில் படைக்குள் நுழைந்துவிடுகிறான். கூட்டத்தில் ஒரு கறுப்பு ஆடு இருப்பதை மோப்பம் பிடித்த சிட்டி வரிசைகளுக்கிடையே நடந்து தேடுகிறது, ஆட்டைப் போலக் கத்திக் காட்டுகிறது. இதற்கு கிராஃபிக்ஸ் எதுவும் வேண்டியதில்லை. அத்தனை முகமும் ஒன்று. தேடுபவன் முகமும் ஒளிபவன் முகமும் அதுவே. நகல்களுக்கு நடுவே மூலவன் நகல்போல நடிக்க வேண்டிய நிலை. மூச்சை அடக்கி நிற்கும் வசீகரனின் கண்ணில் தெரியும் பயம் ஒன்றுதான் அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடியது. ரஜினி அந்தப் பயத்தை அரைக்கால் அளவுக்குத்தான் விடுகிறார். பினாங்குக்காரர்களுக்கு இந்தத் தேடல் புதிதல்ல. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் திறந்த தீவு இது, ஒன்றுபோல் இருக்கும் ஆயிரம் சிப்புகளில் தவறிய ஒன்றைக் கண்டுபிடிப்பது பாயான் லெப்பாஸில் பலருக்குச் சம்பளம் வாங்கித் தந்த வேலை.

முடிவும் முறையாக வருகிறது. காந்தத்தைக் கொண்டு சிட்டியைப் பிடிக்கிறார்கள். கடைசியில் சிட்டியின் உள்கட்டுப்பாட்டுக்குள் புகுந்து, மற்ற எல்லா ரோபோக்களும் தம்மை அழித்துக்கொள்ளும்படி கட்டளை தருகிறான் வசீகரன். கட்டளையால் பெருகியது கட்டளையால் முடிகிறது. ரக்தபீஜன் கதையின் அதே இலக்கணம். சண்டை அமைத்த ஹாங்காங் கலைஞர் யுவென் வூ-பிங்குக்கு இது பழகிய களம். 2003இல் ‘மேட்ரிக்ஸ்’ படங்களில் ஏஜெண்ட் ஸ்மித்தின் நகல்களோடு நியோ மோதும் சண்டையை அமைத்தவர் அவரே. அடுத்தவரைத் தன் உருவமாக மாற்றிப் பெருகும் ஸ்மித்தும், நியோவை மாற்றிய கணத்தில்தான் அழிகிறான்.

‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியாக 2018 நவம்பர் 29 அன்று வந்த ‘2.0’ இந்தப் பரம்பரையை வேறு பக்கம் திருப்பியது. விரலளவு குட்டி ரோபோக்கள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. பறவைகளுக்காகப் பழிவாங்கும் பக்ஷிராஜனைப் பறவைகளையே பணயமாக வைத்து மடக்குகின்றன. தந்திரம் நல்ல தந்திரம், குறும்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் இவை எப்படிப் பெருகுகின்றன, எதனால் அழியும் என்ற கேள்வியைப் படம் எழுப்புவதே இல்லை. ஆகவே எத்தனை ஆயிரம் குட்டிகள் வந்தாலும் முதல் படத்தின் வரிசைகளுக்கிடையே ஒரே ஒரு சிட்டி நடந்துபோனபோது வந்த படபடப்பு இங்கே வருவதில்லை.