ஹவுன்ஸ்லோ தோட்டத்துக்கு ஒரு காது, ஒரு கண்

குளிர்காலத்தில் தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி வைப்பவர்களுக்கென்று இப்போது இரண்டு கருவிகள் பரவலாகிவிட்டன. ஒன்று கேட்கும், மற்றது பார்க்கும். கேட்பது மெர்லின் என்ற இலவசச் செயலி. பார்ப்பது கேமரா பொருத்திய ஃபீடர். ஹீத்ரோவில் இறங்கும் விமானங்களுக்கு நேர் கீழே, ஹவுன்ஸ்லோவின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சிறிய தோட்டம் ஒன்றில் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன். வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செயலியை இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். கேமரா ஃபீடரை வாங்குமுன், அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்று பாருங்கள். படத்தின் தெளிவு, கூர்மை எல்லாம் அதற்கு அடுத்த பேச்சு.

மெர்லின், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் உருவாக்கியது. குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் வசதி அதில் 2021-ல் சேர்ந்தது. கைபேசியின் மைக்கில் விழும் ஒலியை அது முதலில் படமாக மாற்றுகிறது. நேரம் இடமிருந்து வலமாக ஓடும், சுருதி கீழிருந்து மேலாக ஏறும். அந்தப் படத்தில் தெரியும் கோடுகளையும் வளைவுகளையும் ஏற்கெனவே பயின்ற பதிவுகளோடு ஒப்பிட்டுப் பெயரைத் திரையில் காட்டுகிறது. நமது பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை. விளம்பரம் கிடையாது, சந்தா கிடையாது.

ஹவுன்ஸ்லோவில் இது வேலை செய்யுமா என்று யாருக்கும் சந்தேகம் வரும். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத தெருக்கள் இங்கே உண்டு. ஆனால் ஒலியைப் படமாக்கும் முறை இங்கேதான் கைகொடுக்கிறது. விமான இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில், படத்தின் அடியில் கறுப்பாகப் படிந்துவிடுகிறது. ராபின், கிரேட் டிட் போன்றவற்றின் பாட்டு அதற்கு மேலே, 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டித் தனிக் கோடுகளாகத் தெரிகிறது. காது தவறவிடுவதைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. வுட்பிஜன் என்ற பெரிய புறாவுக்குத்தான் இதில் இடைஞ்சல். அதன் கூவல் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் கீழே இருப்பதால் இரைச்சலுக்குள் மூழ்கிப்போகிறது. நல்லவேளை, அந்தப் பறவையை அடையாளம் காணச் செயலி தேவையில்லை.

இன்னும் நல்ல வழி, விமான நிலையத்தின் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்வது. ஹீத்ரோவுக்கு இரண்டு ஓடுபாதைகள். மேற்குக் காற்று வீசும் நாள்களில், அதாவது ஆண்டின் பெரும்பகுதியில், விமானங்கள் லண்டன் பக்கமிருந்து வந்து இறங்கும். பிற்பகல் 3 மணிவரை ஒரு பாதை, அதன்பின் மற்றது. அடுத்த வாரம் முறை மாறும். எந்த வாரம் எந்தப் பாதை என்று விமான நிலையமே முன்கூட்டி வெளியிடுகிறது. டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், உங்கள் தெருவுக்குக் காலை நேரம் ஓய்வாக இருக்கும் வாரம்தான் மெர்லினுக்கு ஏற்ற வாரம். எட்டு மணிக்கு விடிந்ததும் கதவைத் திறந்து கைபேசியைச் சுவர்மேல் வைத்துவிட்டால் போதும்.

அப்படிக் கேட்டதில் முதலில் தெரிந்துகொண்டது, குளிர்காலத் தோட்டம் ஊமையில்லை என்பது. ராபின் ஆணும் பெண்ணும் தனித்தனியே தம் இடத்தைக் காத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் பாடுகின்றன. இரவில் தெருவிளக்கடியில் பாடுவதும் உண்டு. ஷெஃபீல்டு நகரில் நடந்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. பகலில் இரைச்சல் மிகுந்த இடங்களில்தான் ராபின்கள் இரவில் பாடுகின்றன என்பது அதன் முடிவு. ஹவுன்ஸ்லோவில் குடியிருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இருட்டிய பிறகு வானத்தில் ஒற்றை மெல்லிய சீழ்க்கையாகக் கேட்கும் குரல், ஸ்காண்டிநேவியாவிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் ரெட்விங்குடையது. பல ஆண்டுகளாக அதைக் கேட்டும் கேளாமல் இருந்திருக்கிறேன். இப்போது செயலி இல்லாமலே அடையாளம் தெரிகிறது. இந்தச் செயலியை நான் மதிப்பதற்குக் காரணமே இதுதான்: கொஞ்ச நாளில் தன் உதவி தேவைப்படாத அளவுக்குக் காதைப் பழக்கிவிடுகிறது.

அதற்காகத் திரையில் வந்த பெயரையெல்லாம் நம்பிவிடக் கூடாது. ஸ்டார்லிங் பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடக்கூடியது. அந்தப் போலிக்குரல் மனிதக் காதை ஏமாற்றுவது போல எந்தச் செயலியையும் ஏமாற்றலாம். அந்த இடத்துக்கும் காலத்துக்கும் அரிதான பறவையென்றால் மெர்லின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியிட்டு எச்சரிக்கிறது. புள்ளியைக் கண்டால் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும்வரை குறிப்பேட்டில் ஏற்றாமல் இருப்பது நல்லது. ஒரு குரலை எத்தனை பறவைகள் எழுப்பின என்பதையும் அது சொல்லாது.

இனி கண்ணுக்கு வருவோம். 2020-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வந்த ‘பேர்ட் படி’ என்ற கருவி, இந்த வகை ஃபீடர்களைப் பிரபலமாக்கியது. இன்று பல நிறுவனங்கள் இதே அமைப்பில் செய்கின்றன. நான் மாட்டியிருப்பது நடுத்தர விலையிலான ஒன்று. பெயர் முக்கியமில்லை, கீழே சொல்வதில் பெரும்பாலானவை இந்த வகைக்கே பொருந்தும். விதை போடும் பெட்டி, முன்னால் சிறு தட்டு, தட்டை நோக்கிய கேமரா, அசைவை உணரும் சென்சார், மின்கலம். பறவை வந்து அமர்ந்ததும் படமெடுத்து, வைஃபை வழியாகக் கைபேசிக்கு அனுப்பி, என்ன பறவை என்றும் சொல்கிறது.

படங்கள் அருமையானவை. பதினோரு கிராம் மட்டுமே எடையுள்ள ப்ளூ டிட் ஒரு சூரியகாந்திப் பருப்பைக் காலால் பிடித்துக்கொண்டு கொத்துவதை அவ்வளவு அருகில் ஜன்னல் வழியே பார்க்கவே முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார்கள். தோட்டத்தில் பகலில் நடப்பது அவர்களுக்குத் தெரிய இதைவிட்டால் வழி இல்லை. கேமரா மேல் எனக்கு ஏற்பட்ட பிரியத்துக்கு அதுவே போதும்.

ஆனால் குளிர்காலம்தான் இந்தக் கருவியை அதிகம் சோதிக்கிறது. லித்தியம் மின்கலம் குளிரில் சீக்கிரம் வடிந்துவிடும். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றவும் கூடாது. கூரையில் சூரியத் தகடு உள்ள வகைகள் உண்டு, என்றாலும் டிசம்பரில் எட்டு மணிநேரம்கூட நீடிக்காத, மேகம் மூடிய பகலில் அந்தத் தகட்டை நம்பி இருக்க முடியாது. கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துதான் மின்னேற்ற வேண்டும். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும், தோட்டக் கோடிவரை அலை எட்டுகிறதா என்று முதலிலேயே கைபேசியை வைத்துப் பாருங்கள். இன்னொன்று: இங்கே தோட்டங்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கேமராவின் பார்வை உங்கள் எல்லையைத் தாண்டினால் பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கேமராவை உங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி மாட்டுவதே முறை.

பெயர் சொல்வதில் இந்த ஃபீடர் மெர்லின் அளவுக்குத் தேறவில்லை. டன்னாக் என்ற பழுப்புப் பறவையையும் பெண் சிட்டுக்குருவியையும் குழப்பிக்கொள்கிறது. பச்சைக்கிளியை மட்டும் ஒருபோதும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் படச்சட்டம் முழுவதையும் கிளியே அடைத்துக்கொள்கிறது.

ஆம், நம் ஊர்ப் பச்சைக்கிளியேதான். கழுத்தில் ரோஜா நிற வளையமுள்ள அதே இனம் 1970 வாக்கிலிருந்து லண்டனைச் சுற்றிக் கூடுகட்டிப் பெருகியிருக்கிறது. ஆஸ்டர்லி பார்க்கிலும் ஹவுன்ஸ்லோ ஹீத்திலும் அதன் கத்தல் கேட்காத நாள் இல்லை. 1951-ல் ‘தி ஆஃப்ரிக்கன் குயீன்’ படத்துக்காகக் கொண்டுவந்த கிளிகள் நம் ஐல்வர்த் ஸ்டூடியோவிலிருந்து தப்பியவையே இவை என்றொரு கதை இங்கே நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளிகள் காணப்பட்ட இடங்களை வரைபடத்தில் வைத்து ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட முடிவில், அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பல இடங்களில், பல காலங்களில் தப்பியும் விடப்பட்டும் பெருகியவை இவை. ஃபீடர் அருகில் கிளி இருந்தால் சிறு பறவைகள் உண்பது குறைந்து, சுற்றுமுற்றும் பார்ப்பது கூடுகிறது என்று 2014-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கேமராவில் அதை நேரிலேயே பார்க்கலாம்: கிளி வந்து அமர்ந்தால் பெட்டி காலியாகும்வரை மற்றவை மறைந்துவிடும். கம்பிக்கூண்டு சுற்றிய ஃபீடர் கிளியைத் தடுக்கும், ஆனால் கம்பி கேமராவின் முகத்தையும் மறைக்கும். ஆகவே கேமரா ஃபீடரைக் கிளிக்கே விட்டுக்கொடுத்து, சற்றுத் தள்ளிச் சிறியவற்றுக்குக் கூண்டு ஃபீடர் ஒன்று தொங்கவிட்டேன். என் கண்ணுக்குக் கிடைக்கும் அழகைவிட ப்ளூ டிட்டின் வயிறு முக்கியம்.

பெட்டியில் என்ன போடுவது? சூரியகாந்திப் பருப்பு எல்லாவற்றுக்கும் பிடிக்கும், தோல் குப்பை சேராது. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய நம் கை சும்மா இருக்காது என்பதால் இதையும் சொல்கிறேன்: உப்புப் போடாமல் வடித்த சோறு கடுங்குளிரில் பறவைகளுக்கு நல்லதே. உப்புச் சேர்ந்த சாதமும் தாளித்த மிச்சமும் சிறு பறவையின் உடலுக்கு நஞ்சு. சோற்றைக் கொஞ்சமாக, காலையில், தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் வையுங்கள். இரவில் மிஞ்சினால் எலி வரும். தேங்காய் மூடியை உள்ளே கழுவிவிட்டுக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் டிட் பறவைகள் தலைகீழாகத் தொங்கிக் கொத்தும். கழுவாவிட்டால் இனிப்பு நீர் காய்ந்து பூசணம் பிடிக்கும். உலர்ந்த தேங்காய்த் துருவல் மட்டும் வேண்டாம், அது வயிற்றுக்குள் போய் ஊதிவிடும்.

நாம் வைக்கும் தீனி சின்ன விஷயமில்லை. நடு ஐரோப்பாவில் கூடுகட்டும் பிளாக்கேப் பறவைகளில் ஒரு பகுதி இப்போது தெற்கே போகாமல் குளிர்காலத்துக்குப் பிரிட்டனுக்கு வருகிறது. பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் ஆய்வு 2015-ல், தோட்டங்களில் கிடைக்கும் தீனியும் மிதமாகிவரும் குளிர்காலமும் அதற்குத் துணைசெய்கின்றன என்று காட்டியது. ஒரு பறவையின் வலசைப் பாதையையே மாற்றக்கூடிய பழக்கம் இது. ஒரு நோயைப் பரப்பக்கூடியதும்கூட.

டிரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய், எச்சில் பட்ட தீனி, தண்ணீர் வழியாகத் தொற்றுகிறது. புறாக்களில் வெகுகாலமாக இருந்த இது, 2006-ல் பிரிட்டனின் ஃபிஞ்ச் பறவைகளில் கொள்ளைநோயாகப் பரவியது. தோட்டத்துக்குத் தோட்டம் காணப்பட்ட கிரீன்ஃபிஞ்ச் 2021-ல் அழிவுக் கவலைக்குரிய சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2025-ல் பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., பறவைகள் கூடி நின்று உண்ணும் தட்டையான பரப்புள்ள ஃபீடர்களின் விற்பனையை நிறுத்திவைத்தது. இந்தப் பின்னணியில் கேமரா ஃபீடரின் முன்தட்டைப் பாருங்கள். படம் நன்றாக விழவேண்டும் என்பதற்காகவே பறவை நின்று உண்ண ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். மழை விதையில் ஊறுகிறது, எச்சம் அதிலேயே விழுகிறது. என்னுடையதில் தட்டின் மூலையில் திருகு ஒன்று குழிந்திருக்கிறது, பிரஷ் அங்கே எட்டாது. கேமரா மாட்டிய பகுதியைத் தண்ணீரில் அமிழ்த்தவும் முடியாது.

ஆகவே வாங்கும்போது கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் பாத்திரத்தைப் பாருங்கள். கேமரா தனியே கழன்று வர வேண்டும். தட்டில் தண்ணீர் வடியத் துளைகள் வேண்டும். மூலைகள் வளைந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நீர்த்த கிருமிநாசினியில் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்ட வேண்டும். காய்வது முக்கியம், அந்த ஒட்டுண்ணி ஈரம் போனால் நீடிக்காது. தண்ணீர்த் தட்டையும் தினம் மாற்ற வேண்டும். நேரமில்லாதவர்கள் பெட்டியைக் கால்வாசி மட்டும் நிரப்புங்கள், சீக்கிரம் தீரும், சீக்கிரம் கழுவுவீர்கள்.

சனவரி கடைசி வார இறுதியில் நடக்கும் பிக் கார்டன் பேர்ட்வாட்ச் கணக்கெடுப்புக்கு இவை உதவுமா என்று கேட்பார்கள். 1979-ல் தொடங்கிய அந்தக் கணக்கில் ஒருமணி நேரம் உட்கார்ந்து, தோட்டத்தில் இறங்கும் ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ட அதிக எண்ணிக்கையை எழுத வேண்டும். கேமரா எண்ணுவது வருகைகளை. ஒரே ப்ளூ டிட் பத்துமுறை வந்தால் அதற்குப் பத்து. மெர்லின் எண்ணுவதே இல்லை. அந்த ஒருமணி நேரத்துக்கு இரண்டையும் அணைத்துவிட்டு ஜன்னலருகே உட்காருங்கள், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு. அதே மாதம் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஊரில் இருக்கும் பெற்றோரை அதில் ஈடுபடுத்தினால், அங்கேயும் இங்கேயும் ஒரே சிட்டுக்குருவியை எண்ணிய கணக்கைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம்.

கேமராவின் உண்மையான பயன் நோயில்தான் வெளிப்படுகிறது. இறகை உப்பிக்கொண்டு அசையாமல் தட்டிலேயே உட்கார்ந்திருக்கும், விதையை விழுங்க முடியாமல் கீழே விடும், அலகைச் சுற்றி ஈரம் கசிந்திருக்கும் கிரீன்ஃபிஞ்சை ஜன்னலிலிருந்து பார்த்தால் நன்றாகச் சாப்பிடும் பறவை என்றே நினைத்துவிடலாம். அலகு வரைக்கும் அருகில் தெரியும் படம் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படிக் கண்டால் தீனி, தண்ணீர் எல்லாவற்றையும் உடனே இறக்கி, குறைந்தது இரண்டு வாரம் வைக்காமல் இருங்கள், பறவைகள் கலைந்து போகட்டும். அக்கம்பக்கத்தில் தீனி வைப்பவர்களிடமும் சொல்லுங்கள். லண்டன் விலங்கியல் சங்கம் ஒருங்கிணைக்கும் கார்டன் வைல்ட்லைஃப் ஹெல்த் திட்டத்தின் இணையதளத்தில், தேதியும் பறவையின் பெயரும் எழுதி அந்தப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.